சீருடையில் நிற்கும் மெனோனைட் சிப்பாயா, இல்லையா? பழைய போட்டோவை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

கனடாவின் வின்னிபெக்கில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. குளிப்பாட்டுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, சூப் சுட வைப்பது. இந்த ஊரில் இந்த வேலைக்கு வந்தால் ஒரு மெனோனைட் பாட்டியாவது அமையாமல் போகாது. மெனோனைட் என்றால் ஆயுதம் எடுக்க மறுக்கும் ஒரு கிறிஸ்தவச் சபைப் பிரிவு. எனக்கு அமைந்தவருக்கு அப்போது தொண்ணூற்றொரு வயது. ஓமா என்றுதான் கூப்பிடுவேன், ஜெர்மனில் பாட்டி. வந்த முதல் வாரமே, "உன் ஊருக்கு எங்கள் சபையிலிருந்து மிஷனரி போயிருக்கிறார் தெரியுமா?" என்றார். எந்த ஊர் என்று கேட்டால் தெலுங்கு நாட்டு நல்கொண்டா. 1889-இல் ரஷ்யாவிலிருந்து ஆபிரகாம் ஃப்ரீசன் அங்கே போனது உண்மைதான். நான் திருமங்கலத்துக்காரி என்று எத்தனை தடவை சொல்லியும் கடைசிவரை ஓமாவுக்கு நான் நல்கொண்டாப் பெண்தான்.

ஒரு மதியம் அலமாரி மேலிருந்த பிஸ்கட் டின்னை எடுக்கச் சொன்னார். உள்ளே கெட்டி அட்டையில் ஒட்டிய ஒரு போட்டோ. மூன்று இளைஞர்கள். முன்பக்கம் விளிம்பு வைத்த தொப்பி, கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை, இடுப்பில் பெல்ட், முழங்கால் வரை பூட்ஸ். "நடுவில் இருப்பது என் அப்பா. ஜார் படையில் சிப்பாயாக இருந்திருப்பார் போல. வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள்" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. ஆயுதம் தொடுவது பாவம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்க்கிற சனம் அது.

அவர் சிப்பாய் இல்லை. அதை நிச்சயமாகச் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் என் மடத்தனத்தால் போனது. இதே வேலையில் இருக்கும் நம் பெண்கள் சிலர், "எங்கள் வீட்டுப் பாட்டியும் இப்படி ஒரு படத்தைக் காட்டுகிறார், என்ன செய்வது?" என்று கேட்டார்கள். அவர்களுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் கதை

இது தெரியாமல் படத்தைப் பார்த்தால் சீருடை போட்ட எல்லாருமே சிப்பாயாகத்தான் தெரிவார்கள்.

இந்த மெனோனைட்டுகள் இன்றைய போலந்திலுள்ள விஸ்துலா ஆற்றின் முகத்துவாரப் பகுதியிலிருந்து ரஷ்யப் பேரரசுக்கு, அதாவது இன்றைய தெற்கு உக்ரைனுக்கு, குடியேறியவர்கள். 1789-இல் கோர்டிட்சா குடியேற்றம், 1804-இல் மோலோச்னா. ராணுவத்தில் சேர வேண்டாம் என்று ஜார் முதலாம் பால் 1800-இல் பட்டயமே எழுதிக் கொடுத்தார். 1874-இல் எல்லாருக்கும் கட்டாய ராணுவம் என்று சட்டம் வந்ததும் பட்டயம் ஆட்டம் கண்டது. மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்பிவிட்டார்கள். மிச்சப் பேரும் போய்விடக் கூடாதே என்று ஜெனரல் டோட்லெபனை அனுப்பிப் பேச வைத்தது அரசு. பேச்சின் முடிவுதான் மாற்றுச் சேவை: துப்பாக்கிக்குப் பதில் மண்வெட்டி.

வறண்ட ஸ்டெப்பி வெளியில் காடு வளர்க்கும் வேலை. இதற்கு அவர்கள் வாயில் வரும் பெயர் 'ஃபோர்ஸ்டை'. அனடோல், அசோவ், ஆல்ட்பெர்ட்யன், விளாடிமிரோவ், ரட்சின் என்று பல முகாம்கள் இருந்தன. கிரிமியாவில் ஒரு குழுவுக்கு வேறு வேலை: ஃபிலாக்செரா என்ற பூச்சி திராட்சைக்கொடியின் வேரை அரித்துக்கொண்டிருந்தது, அது பரவிய கொடிகளைத் தேடி அழிக்க வேண்டும். அரசு கொடுத்தது வேலை செய்த நாளுக்கு 20 கோபெக், அதாவது ரஷ்யச் சில்லறைக் காசு. தங்கும் கட்டடம், சாப்பாடு, துணி, பிரசங்கியார் சம்பளம் எல்லாம் சபைகளின் தலையில். வரி போட்டு வசூலித்து நடத்தினார்கள். காசைக் கொடுத்தாவது துப்பாக்கியைத் தவிர்க்கலாம் என்ற கணக்கு.

1914-இல் போர் வந்ததும் ஆள் எண்ணிக்கை எகிறியது. போர்க்காலம் முழுவதிலும் சுமார் 12,000 பேர் சேவையில் இருந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் காட்டு வேலையில், பாதிப் பேர் காயம்பட்டவர்களைத் தூக்கும் வேலையில். இந்த இரண்டாவது வகைக்குப் பெயர் 'சானிட்டேட்டர்'. இவர்களில் பெரும்பாலோர் இளவரசர் லவோவ் தலைமையில் இயங்கிய அனைத்து ரஷ்ய ஜெம்ஸ்ட்வோ (உள்ளாட்சி மன்றங்கள்) சங்கத்தின் ஆஸ்பத்திரி ரயில்களில் இருந்தார்கள். போர்முனைப் பக்கம் போய் ஸ்ட்ரெச்சரில் ஆளை ஏற்றிக்கொண்டு மாஸ்கோ மாதிரி நகரங்களுக்குத் திரும்ப வேண்டும். வழியெல்லாம் ஊட்டி விடுவது, மலம் அள்ளுவது, கட்டு மாற்றுவது, பெட்டியைக் கழுவி விடுவது. நான் செய்கிற வேலைதான், ஓடுகிற ரயிலில். டைபஸ் காய்ச்சல் நோயாளியிடமிருந்து இவர்களுக்கும் தொற்றும்.

ஆக, உங்கள் கையில் இருக்கும் படத்தில் நிற்பவர் காட்டிலா, ரயிலிலா, அல்லது நிஜமாகவே படையிலா? மூன்றில் எது என்பதுதான் கேள்வி.

பிறந்த வருடத்தைக் கேளுங்கள்

படத்தைக் கையில் எடுக்கும் முன் ஒரு கூட்டல் கணக்கு. பிறந்த வருடத்தோடு 21-ஐக் கூட்டுங்கள். அதுதான் ஏறக்குறைய அவருக்கு அழைப்பு வந்த வருடம். 1889-இல் பிறந்தவர் 1910 வாக்கில் காட்டுக்குப் போய், மூன்று நான்கு வருடம் மரம் நட்டு, வீடு திரும்பி மூச்சு விடுவதற்குள் 1914-இல் மறுபடி அழைக்கப்பட்டிருப்பார். அப்படிப்பட்டவருக்கு ஃபோர்ஸ்டை படம் ஒன்று, சானிட்டேட்டர் படம் ஒன்று என இரண்டும் இருக்கலாம். ஓமாவின் அப்பா 1894. கூட்டினால் 1915. நேராகப் போருக்குள்தான்.

1875-இல் பிறந்தவரையும் ஒதுக்கிவிடாதீர்கள். 43 வயது வரை போர்க்காலத்தில் கூப்பிடலாம் என்பது சட்டம். இன்னொன்று, ஆளெடுப்பு சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் நடந்தது. வீட்டுக்கு ஒரே பையன் என்றால் விலக்கு. அதனால் சமாதான காலத்தில் சேவைக்கே போகாத மெனோனைட்டும் உண்டு. போர் நீள நீள அவர்களையும் இழுத்தார்கள்.

படத்தை எப்படிப் பார்ப்பது

கண்ணால் பார்த்தது போதாது. ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ-இல் எடுங்கள். இல்லாவிட்டால் ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் அட்டையைப் படுக்க வைத்து போனில் எடுத்துப் பெரிதாக்குங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், அட்டையின் பளபளப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

முதலில் முகம் பார்க்காதீர்கள், இடது கை மேல்பகுதியைப் பாருங்கள். செஞ்சிலுவைப் பட்டை இருந்தால் அங்கேதான் இருக்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தக் காலத்து போட்டோ தகடுகள் பலவற்றுக்குச் சிவப்பு நிறம் உறைக்காது. சிவப்பு எல்லாம் கறுப்பாகத்தான் பதியும். அதனால் சிவப்புச் சிலுவையைத் தேடினால் கிடைக்காது, வெள்ளைப் பட்டையில் கறுப்புக் கறையாகத்தான் தெரியும். ஓமாவின் அப்பா பக்கத்து ஆளின் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார். பட்டையில் முக்கால்வாசி மறைந்து, ஒரே ஒரு கறுப்புக் கோடு, நகக்கண் அளவுக்கு, எட்டிப் பார்க்கிறது. எழுபது வருடமாக அந்த வீட்டில் அதை மசிக்கறை என்று நினைத்திருக்கிறார்கள்.

அடுத்து பெல்ட். தோட்டாப் பை, வாள், கத்தி ஏதாவது தொங்குகிறதா? ஒன்றும் இல்லாத வெறும் பெல்ட் ஒரு நல்ல தடயம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஸ்டூடியோவுக்குப் போகும் சிப்பாயும் துப்பாக்கி இல்லாமல் போவான். தொப்பியும் பட்டனும் எதையும் சொல்லாது. ஜெம்ஸ்ட்வோ சங்க ஆட்கள் ராணுவம் மாதிரியே உடுத்திக்கொண்டு திரிந்ததால் ஊரில் அவர்களுக்கு 'ஜெம்குசார்' என்று கேலிப்பெயரே இருந்தது. குசார் என்றால் குதிரைப்படை வீரன். குதிரையும் இல்லை, வாளும் இல்லை, மிடுக்கு மட்டும் உண்டு என்ற நக்கல்.

பின்னணியில் என்ன இருக்கிறது? வெள்ளைத் தலைத்துணி கட்டிய நர்ஸ் நடுவில் உட்கார்ந்திருந்தால், அல்லது ரயில் பெட்டியின் பக்கவாட்டில் சிலுவை தெரிந்தால், ஆஸ்பத்திரி ரயில். நீளமான கட்டடத்தின் முன்னால் வரிசை வரிசையாக நிறையப் பேர், கையில் மண்வெட்டி, ஓரத்தில் தாடி வைத்த பிரசங்கியார் என்றால் ஃபோர்ஸ்டை முகாம்.

படத்தில் துப்பாக்கி இருந்தால்? அதற்கும் தயாராக இருங்கள். 1918-இல் ஜெர்மன் படை உக்ரைனுக்குள் வந்து உட்கார்ந்தபோது மெனோனைட் கிராமங்களில் 'செல்ப்ஸ்ட்ஷுட்ஸ்' என்ற தற்காப்புப் படை தொடங்கியது. அந்தக் கோடையில் லிக்டெனாவில் கூடிய சபைத் தலைவர்கள், ஆயுதம் எடுப்பதும் எடுக்காததும் அவரவர் மனசாட்சி என்று விட்டுவிட்டார்கள். மக்னோ என்ற அராஜகவாதத் தலைவரின் ஆட்கள் கிராமம் கிராமமாகச் சூறையாடிய காலம் அடுத்து வந்தது. 1916-இல் காயம்பட்டவனைத் தூக்கிய அதே கை 1919-இல் துப்பாக்கி பிடித்திருக்கலாம். அப்படி ஒரு படம் கிடைத்தால் பாட்டியிடம் மறைக்காதீர்கள், ஆனால் வருடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1914-க்கும் 1919-க்கும் நடுவில் அந்த ஊர்களில் உலகமே மாறியிருந்தது.

அட்டையைத் திருப்புங்கள்

என் கணக்கில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் அதிகம் பேசும்.

அச்சடித்த ரஷ்ய எழுத்து இருந்தால் சொற்களின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ஆங்கிலச் சின்ன 'b' போல, தலையில் இடப்பக்கம் ஒரு கொம்பு வைத்த எழுத்து சொல் முடிவில் அடிக்கடி வந்தால் அது பழைய எழுத்துமுறை. 1918 சீர்திருத்தத்துக்கு முந்தையது என்று பெரும்பாலும் நம்பலாம். ஊர்ப்பெயரும் காலம் சொல்லும். பெட்ரோகிராட் என்று இருந்தால் 1914-க்கும் 1924-க்கும் நடுவில். யெகாடெரினோஸ்லாவ் என்று இருந்தால் 1926-க்கு முன். அது இன்றைய ட்னிப்ரோ நகரம். அலெக்சாண்ட்ரோவ்ஸ்க் 1921-இல் சபோரிஜியா ஆனது.

கையெழுத்து ரஷ்யனில் இருக்கிறதே, இவர்கள் ஜெர்மன் பேசுபவர்கள் ஆச்சே என்று குழம்ப வேண்டாம். போர் தொடங்கியதும் ஜெர்மன் மொழி மேல் அரசின் கண் விழுந்தது. மெனோனைட்டுகளின் ஜெர்மன் பத்திரிகைகளை 1914-லேயே மூடினார்கள். பொது இடத்தில் ஜெர்மன் பேசத் தடை. 1915-இல் ஜெர்மானிய வம்சாவளியினரின் நிலத்தைப் பறிக்கும் சட்டங்கள் வந்தன. ரஷ்யப் படையின் காயக்காரர்களைத்தான் மெனோனைட் பிள்ளைகள் ரயிலில் தூக்கிக்கொண்டிருந்தார்கள், அந்த நேரத்தில் ஊரில் அவர்கள் வீட்டு நிலத்துக்கு ஆபத்து. "நாங்கள் ஜெர்மானியர் இல்லை, டச்சுக்காரர்" என்று மெனோனைட்டுகள் அப்போது வாதாடினார்கள். ஏதாவது தாளில் தேசியம் 'ஹாலந்து' என்று பார்த்தால் அதற்குக் காரணம் இதுதான்.

ஜெர்மனில் எழுதியிருந்தால் அது குர்ரென்ட் என்ற பழைய கோணல் எழுத்தாக இருக்கும். அதில் 'ஈ' எழுத்து 'என்' மாதிரியே தெரியும். சும்மா ஊகிக்காமல் எழுத்து அட்டவணையை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தேதியில் நான் விழுந்தேன். பின்னால் பென்சிலில் '25 டிசம்பர் 1916' என்று இருந்தது. அதே நாளில் கனடாவில் கிறிஸ்துமஸ் கொண்டாடினார்கள் என்று ஓமாவிடம் கதை வேறு சொல்லிவிட்டேன். ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. நம்மைவிட 13 நாள் பின்னால். அந்த 25 டிசம்பர் நமக்கு 1917 ஜனவரி 7. வருடமே மாறிவிடுகிறது. 1800-களில் பிறந்த தேதி என்றால் 12 நாள் கூட்ட வேண்டும், 13 இல்லை. சோவியத் அரசு 1918 ஜனவரி 31-க்கு மறுநாளை பிப்ரவரி 14 என்று அறிவித்து இதை முடித்தது. குறிப்பேட்டில் எழுதும்போது இரண்டு தேதியையும் எழுதுங்கள். எது பழையது எது புதியது என்றும் எழுதுங்கள்.

பெயர் என்ற பொறி

மூன்று மாதம் போன கதைக்கு வருகிறேன். அட்டையின் பின்னால் மூன்று பெயர். இடது ஓரத்தில் நின்றவரின் குடும்பப் பெயரை 'கீபெர்ட்' என்று படித்தேன். ஜி-யில் தொடங்கும் பெயராகத் தேடினேன், தேடினேன், அப்படி ஒரு ஆளே இல்லை. ரஷ்ய மொழியில் 'ஹ' ஓசைக்கு எழுத்து கிடையாது, அதனால் 'க' ஓசைக்கான எழுத்தைப் போட்டுச் சமாளிப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அது ஹீபெர்ட். மெனோனைட்டுகளில் தெருவுக்கு ஒருவருக்கு இருக்கும் பெயர். அதேபோல ஹார்டர் அங்கே கார்டர் ஆவார், ஹாம் காம் ஆவார். காந்தியையும் கண்ணனையும் ஒரே 'க'-வில் எழுதிவிட்டுப் போகிற நமக்கு இது உடனே புரிந்திருக்க வேண்டும்.

முதல் பெயரும் மாறும். யோஹான் ரஷ்யத் தாளில் இவான். வில்ஹெல்ம் என்றால் வசிலி. கொர்னேலியஸ் கொர்னேய் ஆகிவிடுவார்.

நடுவில் வரும் ஒற்றை எழுத்து நமக்குப் பழக்கமானது: இனிஷியல். ரஷ்யாவில் அது அப்பா பெயரின் முதல் எழுத்து, நம் ஊர் போலவே. ஆனால் கனடாவுக்கு வந்தபிறகு பல குடும்பங்களில் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரிலிருந்து அந்த எழுத்தை எடுத்தார்கள். ஒரே குடும்பத்தில் அப்பாவுக்கு ஒரு விதியும் பிள்ளைக்கு ஒரு விதியும் இருக்கும். ஒரே கிராமத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும்போது இந்த ஓர் எழுத்துதான் கைகொடுக்கும்.

ஊர்ப்பெயரிலும் இதே தலைவலி. ஹால்ப்ஸ்டாட் இன்று மோலோச்சான்ஸ்க். க்னாடெந்தால், ரோசென்தால், ப்ளூமெனோர்ட் போன்ற பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட குடியேற்றங்களில் உண்டு. வின்னிபெக் இருக்கும் இந்த மனிடோபா மாகாணத்திலும் உண்டு, ஏனென்றால் 1870-களில் வந்தவர்கள் பெயரையும் மூட்டையில் கட்டி எடுத்து வந்துவிட்டார்கள். ஊர்ப்பெயர் கிடைத்ததும், "எந்தக் குடியேற்றம்?" என்று உடனே கேளுங்கள்.

எங்கே தேடுவது

'கிராண்ட்மா' என்ற பெயரில் மெனோனைட் வம்சாவளித் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியா மெனோனைட் வரலாற்றுச் சங்கம் நடத்துவது, பத்து லட்சத்துக்கும் மேல் பெயர்கள். பணம் கட்டித்தான் பார்க்க முடியும், கட்டலாம், தகும். சேவை விவரம் அதில் அபூர்வம்; பிறந்த தேதி, ஊர், பெற்றோர் கிடைத்தாலே போதும்.

1923-க்கும் 1930-க்கும் நடுவில் கனடா வந்தவர் என்றால், இருபதாயிரம் பேர் அப்படி வந்தார்கள், குடியேற்ற வாரியத்தின் பதிவுப் படிவங்கள் இருக்கின்றன. வின்னிபெக்கிலுள்ள மெனோனைட் ஹெரிட்டேஜ் ஆர்கைவ்ஸில் கேளுங்கள். வராமல் சோவியத்திலேயே இருந்துவிட்ட கிளை என்றால், இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் குடியுரிமைக்காக எழுதிய கோப்புகளில் தாத்தா பாட்டி வரை விவரம் இருக்கும். மோலோச்னாவில் பீட்டர் பிரவுன் சேர்த்துவைத்த பெரிய ஆவணத் தொகுதி 1929-இல் பறிமுதலாகி, 1990-இல் ஒடெசாவில் கண்டெடுக்கப்பட்டு மைக்ரோஃபிலிம் ஆகியிருக்கிறது. ஆனால் ஒரு தனி ஆளைத் தேட அதில் இறங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவது, கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போக வேண்டியது மெனோனைட் காப்பகங்கள் சேர்ந்து நடத்தும் இணையப் படத் தொகுப்பு. ஆளின் பெயரைப் போடாமல் 'சானிட்டேட்டர்' (Sanitäter) என்ற சொல்லைப் போட்டுத் தேடுங்கள். ஜெர்மனில் அதன் நடுவிலுள்ள 'ஏ' எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வரும். புள்ளி வைத்து ஒரு தடவை, வைக்காமல் ஒரு தடவை, 'ஏ' 'ஈ' இரண்டையும் சேர்த்து ஒரு தடவை. மூன்றுக்கும் வேறு வேறு படங்கள் வரும்.

ஓமாவின் அப்பாவைப் பற்றி நேரடியாக எனக்கு எதுவுமே கிடைக்கவில்லை. ஹீபெர்ட்டைத் தேடியபோதுதான் வழி திறந்தது. வேறு ஒரு குடும்பம் கொடுத்த ஆல்பத்தில் அதே மூன்று பேர், அதே ஸ்டூடியோ, ஆனால் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று பேர் கையிலும் பட்டை முழுசாகத் தெரிகிறது. கீழே ஜெம்ஸ்ட்வோ சங்கத்தின் பெயர். உங்கள் ஆள் அகப்படவில்லையா, பக்கத்தில் நிற்கிற ஆளைத் தேடுங்கள்.

பாட்டியிடம் எப்படிக் கேட்பது

"உங்கள் அப்பா போரில் என்ன செய்தார்?" என்று கேட்காதீர்கள். தெரியாது என்ற பதில்தான் வரும். வீட்டில் அவருடைய கை என்ன செய்துகொண்டிருக்கும் என்று கேளுங்கள். நான் தற்செயலாகத்தான் கேட்டேன். ஓமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கிழிந்த படுக்கை விரிப்பை அம்மா தூக்கிப்போடப் போனால் அப்பா விடமாட்டார் என்றார். நாலு விரல் அகலத்துக்கு நீள நீளமாகக் கிழித்து, முழங்கால் மேல் வைத்து இறுக்கமாக உருட்டி, முனையை உள்ளே செருகி, டிராயரில் வரிசையாக அடுக்கி வைப்பாராம். தரைவிரிப்பு பின்னுவதற்கு என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அந்த வீட்டில் யாரும் தரைவிரிப்பு பின்னியதில்லை.

ஆல்பத்துப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோனேன். ஓமா பூதக்கண்ணாடியை வாங்கி முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். அப்புறம் சூப்பை மறுபடி சுட வைக்கச் சொன்னார், ஆறிவிட்டதாம்.

கடைசியாக ஒன்று. கண்டுபிடித்ததைப் பழைய அட்டையிலேயே எழுதாதீர்கள், பேனாவில் எழுதவே எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறிவிடும். அமிலம் இல்லாத உறை ஒன்று வாங்கி, படத்தை உள்ளே வைக்கும் முன்பே உறையின் மேல் மென்மையான பென்சிலில் எழுதுங்கள். ஓமா வீட்டு உறையில் இப்படி இருக்கிறது: யெகாடெரினோஸ்லாவ், 25 டிசம்பர் 1916 பழைய நாட்காட்டி, 7 ஜனவரி 1917 புதியது. சானிட்டேட்டர்கள், ஜெம்ஸ்ட்வோ சங்கம். நடுவில் அப்பா. இடது பக்கம் ஹீபெர்ட், கீபெர்ட் இல்லை. வலது பக்கம் நிற்பவரின் பெயரில் பென்சில் தேய்ந்து முதல் எழுத்து மட்டும்தான் மிச்சம். அதை மட்டும் எழுதிவிட்டு இடம் விட்டிருக்கிறேன்.